ஹெச்.பி., டன், கிலோகலோரி: பெங்களூரில் சிறுதொழில் தொடங்குவோர் மின்சுமைத் தாளைத் தவறில்லாமல் எழுத ஒரு வழிகாட்டி

வீட்டுச் சமையலறையில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நானும் என் மனைவியும், லிங்கராஜபுரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தபோது, மின்சுமை விண்ணப்பத்துக்காக நானே உட்கார்ந்து ஒரு கணக்குத் தாள் எழுதினேன். 2 ஹெச்.பி. (குதிரைத்திறன்) கிரைண்டர் இரண்டு, 2 டன் குளிர்அறை ஒன்று, இட்லி அவிக்க 3 பி.ஹெச்.பி. பாய்லர் ஒன்று. எல்லாவற்றையும் கிலோவாட்டாக மாற்றிக் கூட்டியபோது 12.25 வந்தது, 13 கிலோவாட் கேட்டு வாங்கினோம். பதினோரு மாதம் கழித்து, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க பாய்லர் கேஸ்ல எரியுது, அதுக்கு எதுக்குக் கரண்டு கணக்கு?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது 7 கிலோவாட்டுக்கும் குறைவு என்பது தெரிந்தது. மாதா மாதம் வரும் நிலைக்கட்டணம் அனுமதிக்கப்பட்ட சுமையைப் பொறுத்தது என்பதால், பயன்படுத்தாத 6 கிலோவாட்டுக்கு 11 மாதம் பணம் கட்டியிருந்தோம். டெபாசிட்டில் முடங்கிய தொகை தனி.

பெருக்கலில் நான் ஓரிடத்தில்கூடப் பிழை செய்யவில்லை. எதை எதனோடு கூட்டலாம் என்பதில்தான் தவறினேன். நீங்களும் மாவுக்கடை, மெஸ், சலவைக்கூடம், பேக்கரி என்று ஏதாவது தொடங்குவதாக இருந்தால், கீழே உள்ள வரிசைப்படி செல்லுங்கள்.

1. பெயர்ப்பலகையைத் துடைத்துப் படம் எடுங்கள்

கடைக்காரர் வாயால் சொன்ன எண்ணை எழுதிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதுதான் உங்களுடைய முதல் ஆவணம். எங்கள் பழைய கிரைண்டரின் தகட்டின் மேல் காய்ந்த உளுந்து மாவு ஓடுபோல் படிந்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைக் கால்மணி நேரம் ஒட்டவைத்து, பிறகு தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்த பின்தான் "2 ஹெச்.பி. / 1.5 கிலோவாட்" என்ற எழுத்து தெரிந்தது. எஸ்.பி. ரோட்டில் பழைய மோட்டார் வாங்குபவர்கள் தகடே இல்லாத மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். உள்ளே உள்ள கம்பிச்சுருளைத் திரும்பச் சுற்றிய மோட்டார் என்றால் தகடு சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தகட்டின் படங்களோடு, விற்றவரின் கொட்டேஷன், தொழில்நுட்ப விவரத்தாள், ஏ.சி. இருந்தால் அதன் நட்சத்திர முத்திரைச் சீட்டு, இப்போதைய மின்ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். உணவுத் தொழில் என்றால் இந்தக் கோப்பு இன்னொரு முறையும் உதவும்: மாநில அளவிலான உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இயந்திரங்களின் பட்டியலை அவற்றின் எண்ணிக்கை, திறன், பயன்படும் குதிரைத்திறன் ஆகியவற்றோடு கேட்பார்கள். மின்சுமைத் தாளில் ஒரு எண்ணும் உரிமப் பட்டியலில் வேறொரு எண்ணும் இருந்தால், விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியது நீங்கள்தான்.

2. எண் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று முதலில் எழுதுங்கள்

நான் தவறவிட்ட படி இதுவே. ஹெச்.பி., கிலோவாட், டன், மணிக்கு இத்தனை கிலோகலோரி, மணிக்கு இத்தனை பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) ஆகிய எல்லாமே திறனின் அலகுகள்தாம். எதையும் எதுவாகவும் மாற்றலாம். ஆனால் ஒரு தகட்டில் உள்ள எண் மின்கம்பியிலிருந்து இழுக்கும் திறனைச் சொல்லலாம். மோட்டாரின் சுழலும் தண்டில் வெளிவரும் திறனைச் சொல்லலாம். ஓர் அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பத்தைச் சொல்லலாம். அடுப்பில் எரியும் எரிபொருளின் வெப்பத்தையோ அதனால் உண்டாகும் நீராவியின் வெப்பத்தையோ சொல்லலாம். அலகை மாற்றுவதால் எண் பக்கம் மாறிவிடாது. 2 டன் என்பதை 7.03 கிலோவாட் என்று எழுதினாலும் அது குளிர்அறையிலிருந்து வெளியேறும் வெப்பமே தவிர, மீட்டரில் ஓடும் மின்சாரம் ஆகாது.

ஆகவே தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: இயந்திரத்தின் பெயர், தகட்டில் உள்ள எண் அதே அலகில், அது எந்தப் பக்கம், அந்த இயந்திரம் இழுக்கும் மின்சாரம். கடைசிப் பத்தியை மட்டுமே கூட்ட வேண்டும். மூன்றாவது பத்தி நிரம்பாமல் நான்காவதில் எண் எழுதக் கூடாது என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

3. மாற்று எண்களை ஒரு மூலையில் எழுதி ஒட்டுங்கள்

எங்கள் ஷெட்டின் ஸ்விட்ச் போர்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் எண்கள் இவை:

1 ஹெச்.பி. = 0.746 கிலோவாட்
1 ஹெச்.பி. = மணிக்கு 641 கிலோகலோரி = மணிக்கு 2,544 பி.டி.யு.
1 கிலோவாட் = மணிக்கு 860 கிலோகலோரி = மணிக்கு 3,412 பி.டி.யு.
1 டன் குளிர்த்திறன் = 3.517 கிலோவாட் = மணிக்கு 3,024 கிலோகலோரி = மணிக்கு 12,000 பி.டி.யு.
1 பாய்லர் ஹெச்.பி. = 9.81 கிலோவாட் = மணிக்கு சுமார் 8,436 கிலோகலோரி

இவற்றில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐரோப்பிய, ஜப்பானிய எஞ்சின்களில் 'பி.எஸ்.' என்று போட்டிருந்தால் அது மெட்ரிக் குதிரைத்திறன், அது 0.7355 கிலோவாட். ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவான இந்த வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், 'மணிக்கு' என்ற சொல்லை எல்லோரும் விழுங்கிவிடுவது. ஏ.சி. விளம்பரத்தில் வெறுமனே "18,000 பி.டி.யு." என்று இருந்தால் மணிக்கு 18,000 என்று படியுங்கள்; அது ஒன்றரை டன். கிலோவாட்டுக்கு நேர்மாறான சிக்கல்: அதிலேயே நேரம் அடங்கியிருப்பதால் "மணிக்கு ஒன்றரைக் கிலோவாட்" என்று யாராவது சொன்னால், அவர் திறனைச் சொல்கிறாரா யூனிட்டைச் சொல்கிறாரா என்று திரும்பக் கேளுங்கள். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இறக்குமதி பர்னர்களில் 'எம்.பி.ஹெச்.' என்று இருக்கும். அந்த 'எம்' ரோமானிய எண்ணில் ஆயிரத்தைக் குறிப்பது, பத்து லட்சத்தை அன்று. 100 எம்.பி.ஹெச். என்றால் மணிக்கு ஒரு லட்சம் பி.டி.யு., அதாவது 29.3 கிலோவாட் வெப்பம். ஆயிரம் மடங்கு பிழை சாதாரணமாகக் கண்ணில் பட்டுவிடும் என்று நினைப்போம். கொட்டேஷனில் வரிசையாக எழுதியிருக்கும்போது படுவதில்லை.

4. மோட்டார்: தண்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி

மோட்டார்த் தகட்டில் உள்ள ஹெச்.பி. தண்டில் வெளிவருவது. 2 ஹெச்.பி. என்றால் 1.492 கிலோவாட் தண்டில் கிடைக்கும். செயல்திறன் 80 விழுக்காடு என்றால் கம்பியிலிருந்து அது இழுப்பது 1.865 கிலோவாட். விண்ணப்பத் தாளில் மோட்டார் சுமையைத் தகட்டு ஹெச்.பி.யை 0.746 ஆல் பெருக்கித்தான் எழுதுவது வழக்கம். எங்கள் இரண்டு கிரைண்டருக்கும் சேர்த்து அது 2.98. ஆனால் கம்பியின் தடிமன், எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), ஜெனரேட்டர் ஆகியவற்றைத் தேர்வு செய்யும்போது கம்பிப் பக்கத்து எண்ணைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். ஜெனரேட்டர் கே.வி.ஏ. அளவில் விற்கப்படும், பொதுவாக 0.8 திறன்காரணியில் (கே.வி.ஏ.யில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற எண்) மதிப்பிடப்படுவதால் 10 கே.வி.ஏ. என்பது 8 கிலோவாட்.

இந்தத் தண்டுத் திறனெல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்பதை மாவு அரைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லும் மாவும் உராய்ந்து அது முழுவதும் வெப்பமாகிறது. 2 ஹெச்.பி. மோட்டார் முழுப் பளுவில் அரைமணி நேரம் ஓடினால் மாவுக்குள் இறங்கும் வெப்பம் 641 கிலோகலோரி. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோகலோரி தேவை. ஆக, அந்தச் சூட்டை ஈடுகட்ட எட்டுக் கிலோ பனிக்கட்டி வேண்டும். நடைமுறையில் பளு பாதிதான் இருக்கும், கல்லும் பாத்திரமும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், எனவே நான்கு கிலோவுக்குள் முடிந்துவிடும். உளுந்து அரைக்கும்போது என் மனைவி ஐஸ் தண்ணீரைக் கை நிறைய அள்ளித் தெளித்துக்கொண்டே இருப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அது குதிரைத்திறனைக் கிலோகலோரியாக மாற்றும் கணக்கு என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை, விரலை மாவுக்குள் விட்டுப் பார்த்தாலே போதும்.

5. பாய்லர்: பி.ஹெச்.பி. என்ற மூன்றெழுத்துக் குழி

மோட்டார், எஞ்சின் உலகில் பி.ஹெச்.பி. என்றால் பிரேக் ஹார்ஸ்பவர், தண்டில் அளந்த குதிரைத்திறன். பாய்லர் உலகில் அதே மூன்றெழுத்து பாய்லர் ஹார்ஸ்பவர்; 100 டிகிரி நீரை 100 டிகிரி நீராவியாக மணிக்கு 15.65 கிலோ ஆக்கத் தேவையான வெப்பம். முன்னது 0.746 கிலோவாட், பின்னது 9.81 கிலோவாட். பதின்மூன்று மடங்கு. நான் 3 பி.ஹெச்.பி.யை 0.746 ஆல் பெருக்கி 2.24 என்று எழுதினேன். அது பாய்லர் அளவில் 29.4 கிலோவாட், அதிலும் எரிவாயுவிலிருந்து வரும் வெப்பம். மின்சாரம் தேவைப்பட்டது நீரேற்றும் அரை ஹெச்.பி. பம்ப்புக்கு மட்டும்: 0.37 கிலோவாட். ஒரு வரியில் இரண்டு பிழைகள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்ததால் விடை நம்பும்படியாகவே தோன்றியது. இதே பாய்லரை மின்சாரத்தில் ஓடுவதாக வாங்கி, 2.24 என்று நம்பி வயரிங் செய்திருந்தால் முதல் நாளே கம்பி உருகியிருக்கும்.

நீராவியின் அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விற்பவர் "மணிக்கு 47 கிலோ ஸ்டீம்" என்றார், பொய் சொல்லவில்லை. அது ஏற்கெனவே 100 டிகிரியில் இருக்கும் நீரை ஊற்றினால் கிடைப்பது. தொட்டியிலிருந்து 30 டிகிரி நீரை ஊற்றினால், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70, ஆவியாக்க 540 என்று ஒவ்வொரு கிலோவுக்கும் 610 கிலோகலோரி செலவாகும். பாய்லர் தருவது மணிக்கு 25,300 கிலோகலோரி என்பதால் கிடைப்பது 41 கிலோ சொச்சம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் நீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சென்னையில் இட்லி வேகும் நேரத்தைவிட இங்கே சற்றுக் கூடுதலாக ஆவதற்கு இது காரணம் என்றாலும், மின்சுமைத் தாளைப் பொறுத்தவரை இது கணக்கில் எடுக்க வேண்டாத வித்தியாசம். கொட்டேஷன் வாங்கும்போது "எத்தனை டிகிரி நீரிலிருந்து?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாய்லரின் கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவா என்பதையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் கொதிகலன் சட்டத்தின் பதிவு வளையத்துக்குள் வராது.

எரிவாயுச் செலவுக்கும் இதே எண் உதவும். எல்.பி.ஜி.யின் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி. பாய்லரின் செயல்திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், 25,300 ஐ 0.8 ஆல் வகுத்தால் 31,600. அதை 11,000 ஆல் வகுத்தால் மணிக்கு 2.9 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று, முழுத் தீயில், ஆறரை மணி நேரம் வரும். அன்றைய சிலிண்டர் விலையை இதனால் வகுத்தால் ஒரு மணி நேரச் செலவு கையில். அதே வெப்பத்தை மின்சாரத்தில் எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 30 யூனிட் ஆகும். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே "கரண்டு பாய்லர் சுத்தமா இருக்கும்" என்ற பேச்சுக்குக் காது கொடுங்கள்.

6. குளிர்அறையும் ஏ.சி.யும்

டன் என்பது வெளியேற்றப்படும் வெப்பம். அதை வெளியேற்றச் செலவாகும் மின்சாரம் பொதுவாக அதைவிடக் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை விவரத்தாளில் உள்ள மின் உள்ளீட்டு எண் மட்டுமே சொல்லும். எங்கள் 2 டன் குளிர்அறைக்கு, கம்ப்ரசர், விசிறிகள் எல்லாம் சேர்த்து 3.1 கிலோவாட் என்று இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு நின்று 7.03 எழுதினேன்.

வீட்டு ஏ.சி.யில் பொறி வேறு மாதிரி. நட்சத்திர முத்திரையில் குளிர்த்திறனை வாட் கணக்கிலேயே போட்டிருப்பார்கள். ஒன்றரை டன் ஏ.சி.யில் ஐயாயிரத்தை ஒட்டிய எண் இருக்கும். வாட் என்று பார்த்தவுடன் அது மின்சாரம் என்று கை தானாக எழுதும். அதே சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கு என்பதையும் கவனியுங்கள். தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் கடைக்கு அது பொருந்தாது.

எத்தனை டன் வேண்டும் என்று முடிவு செய்யும்போது இயந்திரங்களின் சூட்டைச் சேர்க்க மறக்காதீர்கள். பொட்டலம் கட்டும் அறையிலேயே கிரைண்டரையும் வைத்தால், அது கம்பியிலிருந்து இழுக்கும் 1.865 கிலோவாட்டும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகிவிடும்: மணிக்கு 1,604 கிலோகலோரி, அதாவது அரை டன்னுக்குச் சற்று மேல். இரண்டு கிரைண்டர் முழுப் பளுவில் ஓடினால் ஒன்றரை டன் ஏ.சி.யில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அதற்கே போய்விடும். இடையில் ஒரு சுவர் எழுப்புவது பெரிய ஏ.சி. வாங்குவதைவிட மலிவு.

7. தாளைக் கூட்டி, கையெழுத்து வாங்குங்கள்

திருத்திய பின் எங்கள் தாள் இப்படி ஆனது: கிரைண்டர்கள் 2.98, குளிர்அறை 3.1, பம்ப் 0.37, மொத்தம் 6.45. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இடம் விட்டு 7 கிலோவாட். மிகக் குறைத்தும் எழுதக் கூடாது. பதிவாகும் உச்சப் பயன்பாடு அனுமதிக்கப்பட்ட சுமையை மீறினால் கூடுதல் கட்டணம் விழக்கூடும். அடுத்த ஆறு மாதத்துக்குள் வாங்கப்போவது உறுதி என்ற இயந்திரத்தை மட்டும் சேருங்கள், ஆசையைச் சேர்க்க வேண்டாம்.

உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் வாடகை ஒப்பந்தத்தின் நகலும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில்தான் அந்தக் கடிதம் நினைவுக்கு வரும் என்பதால் ஒப்பந்தம் எழுதும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். தாள் தயாரிக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. ஒப்பந்ததாரர் வந்து பார்த்துக் கையெழுத்திட இன்னொரு வாரம். சுமையைக் குறைக்கும் விண்ணப்பத்துக்கு இவையெல்லாவற்றையும் மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது, ஆகவே நகல்களை மூன்று செட் எடுத்து வையுங்கள்.

8. மீட்டரைக் கொண்டு சரிபாருங்கள்

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 800, 1,600, 3,200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். ஒரு சிவப்பு விளக்கு அந்தக் கணக்கில் மின்னும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஓர் இயந்திரத்தை ஓட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 60 ஆல் பெருக்கி, முகப்பில் உள்ள எண்ணால் வகுத்தால் அந்த இயந்திரம் அப்போது இழுக்கும் கிலோவாட். எங்களுடையது 800. ஊறிய அரிசியைப் போட்டு கிரைண்டரை ஓடவிட்ட முதல் நிமிடம் 25 முறை மின்னியது, அதாவது 1.875 கிலோவாட், அரிசி நொறுங்கி மாவாகத் தொடங்கிய பிறகு எண்ணியபோது 14, அதாவது 1.05. காலை நான்கு மணிக்கு, தெருவில் வேறு சத்தம் இல்லாத நேரத்தில் எண்ணினால் தவறாது.